"நம்பவில்லை" என்கிறார்கள், ஆனால் அங்கிருந்துதான் தெரிந்துகொள்கிறார்கள்: பெருந்தொற்றும் இளைஞர்களின் போனும்

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது: கொரோனா காலத்தில் சமூக ஊடகங்களில் வந்த சுகாதாரத் தகவல்களை நம்பினீர்களா என்று கல்லூரி மாணவர்களிடம் படிவம் கொடுத்துக் கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலோர் "நம்பவில்லை" என்று குறித்திருக்கிறார்கள். தகவல் எங்கிருந்து கிடைத்தது என்ற அடுத்த கேள்விக்கு அதே மாணவர்கள் இன்ஸ்டாகிராம், யூடியூப், வாட்ஸ்அப் என்று எழுதியிருக்கிறார்கள். மாணவர்கள் பூசி மெழுகுகிறார்களா, படிவத்தில் கோளாறா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குள் இன்னொரு கேள்வியும் இருக்கிறது: அடுத்த பெருந்தொற்று வந்தால் இவர்களிடம் எப்படிப் பேசுவது? இரண்டுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

மாணவர்கள் உண்மையைத்தான் எழுதியிருக்கிறார்கள். "சமூக ஊடகத்தை நம்புகிறீர்களா" என்பது "தெருவை நம்புகிறீர்களா" என்று கேட்பதைப் போன்றது. தெருவை யாரும் நம்புவதில்லை. தெருவில் எதிரே வரும் தெரிந்த முகத்தை நம்புகிறோம். இளைஞர்களின் நம்பிக்கை தளத்தின் மீது உட்காருவதில்லை, ஆள் மீது உட்காருகிறது: தினமும் பார்க்கிற யூடியூபர், வெள்ளைக் கோட்டுடன் ரீல்ஸ் போடும் மருத்துவர், நர்சிங் படிக்கும் தோழி, குடும்பக் குழுவில் பேசும் மாமா. இன்னொன்று, ஒரு தகவல் கண்ணில் படுவது, அது சரி என்று நினைப்பது, அதைப் பிறருக்கு அனுப்புவது, அதன்படி நடப்பது ஆகிய நான்கும் வேறு வேறு செயல்கள். உங்கள் படிவம் நான்கையும் "நம்பிக்கை" என்ற ஒரே சொல்லில் கட்டிவிட்டது. விடைகள் ஒன்றோடொன்று மோதுவது அதனால்தான்.

உறுதியாகச் சொல்லக்கூடியதிலிருந்து தொடங்குகிறேன். 2020 அக்டோபர் முதல் 2021 ஜனவரி வரை, உலக சுகாதார அமைப்பும் மெல்போர்ன் பல்கலைக்கழகமும் பங்கேற்ற ஓர் ஆய்வு, 24 நாடுகளில் 18 முதல் 40 வயது வரையிலான சுமார் 23,500 பேரிடம் நடந்தது. கொரோனா பற்றிய பொய்ச் செய்திகள் உலவுவது தங்களுக்கு நன்றாகவே தெரியும் என்று 59.1 சதவீதம் பேர் சொன்னார்கள். ஆனால் அப்படி ஒன்றைப் பார்த்தால் கண்டுகொள்ளாமல் கடந்துபோவதாக 35.1 சதவீதம் பேர் சொன்னார்கள்; தளத்துக்குப் புகார் செய்வதாகச் சொன்னவர்கள் 24.4 சதவீதம்தான். விழிப்பு இருக்கிறது, வினை இல்லை. இதே ஆய்வில் என் கவனத்தை அதிகம் இழுப்பது வேறோர் எண்: எந்த மாதிரித் தகவலைப் பகிர்வீர்கள் என்று கேட்டதற்கு 43.9 சதவீதம் பேர் "அறிவியல்பூர்வமானதை" என்றார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் திரையில் ஓடும் ஒரு பதிவு அறிவியல்பூர்வமானதாகத் தெரிவதற்கு ஒரு வரைபடம், ஒரு பல்கலைக்கழகத்தின் பெயர், இரண்டு மருத்துவச் சொற்கள் போதும். இவை ஆன்லைனில் பதில் சொன்னவர்கள் தங்களைப் பற்றித் தாங்களே சொன்னவை என்பதையும் மனத்தில் வையுங்கள். புகார் செய்வதாகச் சொல்கிறவர்களைவிட நிஜமாகவே செய்கிறவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள்.

அந்த அறிவியல் வேடத்துக்கு ஒரு மாதிரி. 2020 மார்ச்சில் உலகம் முழுக்கச் சுற்றிய ஒரு ஃபார்வர்ட் நினைவிருக்கலாம்: மூச்சை ஆழமாக இழுத்து 10 விநாடிக்கு மேல் அடக்கிப் பாருங்கள், இருமலோ நெஞ்சில் இறுக்கமோ வராவிட்டால் நுரையீரலில் தழும்பு இல்லை, தொற்றும் இல்லை. சில வடிவங்களில் தைவான் நிபுணர்கள் சொன்னதாக, சிலவற்றில் ஸ்டான்ஃபோர்டு மருத்துவமனை சொன்னதாக வந்தது. ஸ்டான்ஃபோர்டு மறுத்தது; உலக சுகாதார அமைப்பும் இதைத் தவறான தகவல்களின் பட்டியலில் சேர்த்தது. இது ஏன் அவ்வளவு தூரம் போனது? முதலில், இதைப் படித்த அந்த நொடியிலேயே செய்து பார்த்துவிடலாம். செலவில்லை, கருவி வேண்டாம். இரண்டாவது, விடை கையோடு கிடைக்கிறது, அதுவும் மனத்துக்கு இதமான விடை. மூன்றாவது, நுரையீரல் தழும்பைக் குறிக்கும் "ஃபைப்ரோசிஸ்" என்ற மருத்துவச் சொல்லும் ஒரு பெரிய நிறுவனத்தின் பெயரும் சேர்ந்து கனம் கொடுக்கின்றன. ஆபத்தும் இங்கேதான். இருபது வயதுக்காரரின் நுரையீரல், உள்ளே வைரஸ் இருந்தாலும், பெரும்பாலும் 10 விநாடி தாங்கும். அறிகுறியே இல்லாமல் தொற்றைச் சுமக்கிறவர்கள் அந்த வயதில் நிறைய. ஆகவே இந்தச் "சோதனை" இளைஞர்களுக்குப் பெரும்பாலும் "உனக்கு ஒன்றுமில்லை" என்றே சொல்லும். அந்தத் தைரியத்தில் அவர் பாட்டியைப் பார்க்கப் போவார். செய்து பார்த்தவருக்கு இது வதந்தி மாதிரியே தோன்றாது, சொந்த அனுபவமாகத் தோன்றும். "பொய்ச் செய்தியை நம்பினாயா" என்று நீங்கள் கேட்கும்போது இது அவர் நினைவுக்கே வராது.

சரிபார்ப்பதே இல்லை என்று இளைஞர்கள் மீது ஒரு பழி உண்டு. அது பாதி உண்மை. சரிபார்க்கிறார்கள், ஆனால் பாடப் புத்தகம் சொல்லும் வழியில் அல்ல. கூகுளின் ஜிக்சா பிரிவினர் பங்கேற்ற, 2023-இல் வெளியான ஓர் ஆய்வு சிறு எண்ணிக்கையிலான இளைஞர்களுடன் நெருங்கிப் பழகி நடந்தது. தலைப்பைப் பார்த்ததும் நேராகக் கமெண்ட்டுகளுக்குப் போவது, அங்கே பலர் என்ன சொல்கிறார்கள் என்பதை வைத்துத் தகவலை எடைபோடுவது, தனியாக அல்லாமல் கூட்டமாகவே உண்மையைத் தீர்மானிப்பது என்பன அதில் பதிவாயின. சிறிய ஆய்வு என்பதால் இத்தனை சதவீதம் என்று சொல்ல அது உதவாது. நடத்தை இப்படித்தான் என்று காட்ட உதவும். இந்த வழியை முட்டாள்தனம் என்று தள்ளிவிடாதீர்கள். ஒரு கடையின் தரத்தை அறியக் கமெண்ட் பார்ப்பது நல்ல முறைதான், வாங்கியவர்களுக்கு அனுபவம் இருக்கிறது. ஆனால் ஒரு மருந்து வேலை செய்கிறதா என்பது தனியாள் அனுபவத்தில் தெரியாது. கொரோனா வந்த இளைஞர்களில் மிகப் பெரும்பாலோர் எதையும் சாப்பிடாமலே குணமாகிறார்கள். அப்படியிருக்க, எதைச் சாப்பிட்டாலும் "எனக்கு இதில் குணமானது" என்று ஆயிரம் கமெண்ட் விழும். அந்த ஆயிரமும் உண்மையாகவே எழுதப்பட்டவை. சேர்ந்து சொல்லும் முடிவு மட்டும் தவறு.

பகிர்வதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், உங்கள் முரண்பாட்டின் பெரும்பகுதி இங்கே அவிழும். 2020-இல் கார்டன் பென்னிகுக், டேவிட் ராண்ட் என்ற ஆய்வாளர்களின் குழுவினர் 1,700-க்கும் மேற்பட்ட அமெரிக்கர்களிடம் கொரோனா பற்றிய உண்மையான தலைப்புகளையும் பொய்யான தலைப்புகளையும் காட்டினார்கள். "இது சரியா" என்று கேட்டபோது மக்கள் ஓரளவு நன்றாகவே பிரித்தார்கள். "இதைப் பகிர்வீர்களா" என்று கேட்டபோது அந்தப் பிரிப்பு மங்கிப்போனது. அதாவது அறிவு இருந்தது. பகிரும் நொடியில் அது கைக்கு வரவில்லை. அந்த நொடியில் மனம் கேட்கும் கேள்விகள் வேறு: இது என் நண்பனுக்குப் பயன்படுமா, சிரிப்பு வருமா, நான் அக்கறையுள்ளவன் என்று தெரியுமா. முன்கூட்டியே சம்பந்தமில்லாத ஒரு தலைப்பைக் காட்டி "இது சரியா" என்று ஒரே ஒரு முறை கேட்டுவிட்டு ஆரம்பித்தபோது, பகிரும்போது உண்மையைப் பொய்யிலிருந்து பிரிக்கும் அளவு ஏறக்குறைய மூன்று மடங்கானது என்று அவர்கள் எழுதினார்கள். இதில் நிதானம் வேண்டும். 2021-இல் வேறொரு குழு அதே ஆய்வைத் திரும்பச் செய்தபோது விளைவு இருந்தது, ஆனால் மிகச் சிறியதாக இருந்தது. அறிவதும் பகிர்வதும் வேறு என்பதை உறுதியாகக் கொள்ளலாம். ஒரு வரி நினைவூட்டல் எல்லாவற்றையும் மாற்றிவிடும் என்பதைச் சந்தேகத்தோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

"பெரியவர்களைவிட இளைஞர்கள் அதிகம் ஏமாறுகிறார்களா" என்றும் ஓரிடத்தில் கேட்டிருக்கிறீர்கள். ஒரே விடை இல்லை. 2016 அமெரிக்கத் தேர்தல் காலத்தை ஆராய்ந்தவர்கள், 65 வயதைத் தாண்டியவர்கள் இளையோரைவிட ஏறத்தாழ ஏழு மடங்கு அதிகமாகப் பொய்ச்செய்தித் தளங்களின் இணைப்புகளைப் பகிர்ந்ததாகக் கண்டார்கள். 2020-இல் அதே நாட்டில் கொரோனா பற்றி நடந்த ஒரு பெரிய கணிப்பிலோ, 25 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பொய்யான கூற்றுகளை நம்பும் வாய்ப்பு 65-ஐத் தாண்டியவர்களைவிட அதிகமாக வந்தது. ஒன்று பகிர்வதை அளந்தது, மற்றொன்று நம்புவதை அளந்தது. ஒன்று அரசியல், மற்றொன்று நோய். வயதை வைத்துத் தீர்ப்பெழுதுகிறவர்களை நான் ஏற்பதில்லை.

இப்போது எனக்கு மிகவும் கவலை தரும் பகுதி. முழுப் பொய்யைவிட, உண்மையைக் கொண்டு தவறான எண்ணத்தை உண்டாக்கும் பதிவுதான் பெருந்தொற்றில் அதிகச் சேதம் செய்தது. 2021-இன் முதல் மூன்று மாதங்களில் ஃபேஸ்புக்கில் அமெரிக்கர்கள் பார்த்த தடுப்பூசி இணைப்புகளை ஆராய்ந்த ஓர் ஆய்வு 2024-இல் 'சயன்ஸ்' இதழில் வந்தது. தடுப்பூசி போட்ட இரண்டு வாரத்தில் ஆரோக்கியமான ஒரு மருத்துவர் இறந்தார், காரணம் ஆராயப்படுகிறது என்ற பொருளில் வந்த ஒரு தலைப்பை மட்டும் சுமார் 5.5 கோடி முறை பார்த்திருந்தார்கள். ஃபேஸ்புக்குக்காகச் செய்தி சரிபார்ப்பாளர்கள் பொய் என்று முத்திரையிட்ட எல்லா இணைப்புகளும் சேர்ந்து பெற்ற பார்வைகளைப் போல இது ஆறு மடங்குக்கும் மேல். தடுப்பூசி போடும் எண்ணத்தைக் குறைத்ததில், முத்திரை குத்தப்படாத இத்தகைய பதிவுகளின் மொத்தப் பங்கு பொய்ப் பதிவுகளைவிட 46 மடங்கு என்று அந்த ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். 46 என்பது ஒரு கணித மாதிரி (model) வழியாக வந்த மதிப்பீடு, எண்ணிப் பார்த்தது அல்ல. ஆனாலும் போகும் திசையில் சந்தேகமில்லை.

அந்தத் தலைப்பில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. இல்லாதது ஒரு சிறிய கணக்கு, அதை மாணவர்களுக்குப் பலகையில் போட்டுக் காட்டுங்கள். உலகச் சராசரியாக ஆண்டுக்கு 1,000 பேரில் சுமார் 7.5 பேர் ஏதோவொரு காரணத்தால் இறக்கிறார்கள். 10 லட்சம் பேரை எடுத்தால் ஆண்டுக்கு 7,500. இரண்டு வாரம் என்பது ஆண்டில் 26-இல் ஒரு பங்கு. ஆக, தடுப்பூசி என்ற ஒன்றே இல்லாவிட்டாலும் அந்த 10 லட்சம் பேரில் ஏறக்குறைய 290 பேர் எந்த இரண்டு வாரத்திலும் இறந்திருப்பார்கள். முதியவர்களுக்கு முதலில் போட்டால் எண்ணிக்கை இன்னும் கூடும். "போட்ட பிறகு இறந்தவர் உண்டா" என்ற கேள்விக்கு விடை எப்போதும் "உண்டு" தான். கேட்க வேண்டியது, வழக்கமான எண்ணிக்கையைவிடக் கூடியதா என்பது. மருத்துவமனையில் சேர்ந்தவர்களில் பாதிப்பேர் தடுப்பூசி போட்டவர்கள் என்ற பதிவையும் இப்படியே பிரிக்கலாம். புரிவதற்காக ஒரு கற்பனை ஊர்: 1,000 பேர், அதில் 900 பேர் ஊசி போட்டவர்கள், 100 பேர் போடாதவர்கள். போட்டவர்களில் 1 சதவீதம், அதாவது 9 பேர், மருத்துவமனைக்குப் போகிறார்கள். போடாதவர்களில் 10 சதவீதம், அதாவது 10 பேர். மருத்துவமனையில் 19 பேர், ஏறக்குறைய பாதி ஊசி போட்டவர்கள். ஆனால் போடாதவருக்கு ஆபத்து பத்து மடங்கு. பதிவு உண்மை, அது தரும் எண்ணம் நேர் எதிர்.

அதிகாரபூர்வ அமைப்புகளின் பங்கையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2020 மார்ச் 28-இல் உலக சுகாதார அமைப்பு, கொரோனா காற்றில் பரவுவதில்லை என்று உறுதியான குரலில் பதிவிட்டது. பிறகு படிப்படியாக அந்த நிலையிலிருந்து நகர்ந்தது. பொதுமக்கள் முகக்கவசம் அணிவது பற்றிய அதன் அறிவுரை 2020 ஜூன் 5-இல் மாறியது. ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்ற மலேரியா மருந்து பற்றி 'லான்செட்' மருத்துவ இதழ் மே 22-இல் வெளியிட்ட ஒரு பெரிய கட்டுரை, தரவைச் சரிபார்க்க முடியாததால் ஜூன் 4-இல் திரும்பப் பெறப்பட்டது. இளைஞர்கள் இவற்றை ஸ்க்ரீன்ஷாட்டாக வைத்திருக்கிறார்கள். "நேற்று ஒன்று, இன்று ஒன்று" என்று அவர்கள் சொன்னால் அதை அறியாமை என்று ஒதுக்காதீர்கள். சான்று மாறும்போது அறிவுரை மாறுவது நல்லது. ஆனால் முதலில் பேசும்போதே "இன்றைக்கு இவ்வளவுதான் தெரியும், இன்னின்ன சான்று வந்தால் மாற்றுவோம்" என்று சொல்லியிருக்க வேண்டும். பல இடங்களில் அப்படிச் சொல்லவில்லை, அதற்கான விலையைத்தான் தடுப்பூசி வந்தபோது கொடுத்தோம்.

சரி, உங்கள் ஆய்வை எப்படித் திருத்துவது? "நம்புகிறீர்களா" என்ற கேள்வியை எடுத்துவிடுங்கள். அதற்குப் பதில், போனைத் திறந்து, கடைசியாக அனுப்பிய அல்லது சேமித்த உடல்நலப் பதிவைப் பார்த்து, அது என்ன சொன்னது, யாரிடமிருந்து வந்தது, யாருக்கு அனுப்பினார், அனுப்பும் முன் என்ன செய்தார் என்று அவரே எழுதட்டும். போனை நீங்கள் பார்க்க வேண்டாம், பெயரும் வேண்டாம். பார்த்தால் அலங்கரித்த விடைதான் வரும். அடுத்து 12 பதிவுகளைத் தேர்ந்தெடுங்கள்: நான்கு சரியானவை, நான்கு தவறானவை, நான்கு உண்மையைச் சொல்லித் தவறாக எண்ண வைப்பவை. தவறானவற்றை மட்டும் காட்டுவது பலர் செய்யும் பிழை. எல்லாவற்றையும் சந்தேகிக்கிறவர் அதில் முழு மதிப்பெண் வாங்கிவிடுவார். நல்ல தகவலையும் உதறுகிறவர் அவர்தான் என்பது வெளியே வராது. ஊரறிந்த பழைய வதந்திகளையும் தவிர்த்துவிடுங்கள், விடை முன்பே தெரிந்திருக்கும். லைக் எண்ணிக்கையை எல்லாப் பதிவிலும் மறைத்துவிடுங்கள், இல்லையென்றால் எதை அளக்கிறீர்கள் என்றே தெரியாது.

வகுப்பைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதியிடம் "பகிர்வீர்களா" என்று மட்டும், மறு பாதியிடம் "சரியா" என்று மட்டும் கேளுங்கள். ஒரே மாணவரிடம் இரண்டையும் கேட்டால் முதல் கேள்வி இரண்டாவதைக் கெடுத்துவிடும். பிறகு சரியான பதிவுக்கு "ஆம்" சொன்ன சதவீதத்திலிருந்து தவறான பதிவுக்கு "ஆம்" சொன்ன சதவீதத்தைக் கழியுங்கள். "சரியா" குழுவில் 70-க்கு 30 என்று வந்து இடைவெளி 40 ஆகவும், "பகிர்வீர்களா" குழுவில் 50-க்கு 45 என்று வந்து இடைவெளி 5 ஆகவும் இருந்தால், மாணவர்களுக்குத் தெரிகிறது, அனுப்பும்போது நினைப்பதில்லை என்று பொருள். இரண்டு இடைவெளியும் சிறியதாக இருந்தால் அடிப்படை அறிவே போதவில்லை. முதல் நிலைக்கு அறிவியல் வகுப்பு எடுத்துப் பயனில்லை. இரண்டாம் நிலைக்கு "பகிரும் முன் யோசி" என்ற சுவரொட்டி ஒட்டிப் பயனில்லை. 40 பேர் வகுப்பில் ஒரு பாதிக்கு 20 பேர்தான், ஒரு பதிவில் ஒரு மாணவர் மாறினாலே 5 சதவீதம் மாறும். சிறு வித்தியாசங்களை வைத்துக் கட்டுரை எழுத வேண்டாம். முடிந்ததும், அதே நாளில், எது சரி எது தவறு, ஏன் என்று அச்சிட்ட தாளைக் கையில் கொடுங்கள். ஒரு கூற்று திரும்பத் திரும்பக் காதில் விழுந்தாலே உண்மைபோலத் தோன்றும் என்பது 1977-லிருந்து சோதிக்கப்பட்டுவரும் விஷயம். விடைத்தாள் இல்லாமல் அனுப்பினால் நான்கு பொய்களை நீங்களே விதைத்தவர் ஆவீர்கள்.

கற்றுக்கொடுப்பதில் ஒரே ஒரு பழக்கத்துக்குத்தான் நேரம் உண்டென்றால், பதிவை விட்டு வெளியேறுவதைக் கற்றுக்கொடுங்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். வரலாற்றுப் பேராசிரியர்கள், மாணவர்கள், தொழில்முறைச் செய்தி சரிபார்ப்பாளர்கள் என மூன்று தரப்பினருக்குக் குழந்தை மருத்துவர் அமைப்புகள் இரண்டின் இணையப் பக்கங்களைக் கொடுத்தார்கள். ஒன்று 1930-இல் தொடங்கிய, 60,000-க்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் கொண்ட அமெரிக்கன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸ். மற்றொன்று 2002-இல் அதிலிருந்து பிரிந்துபோன, ஒத்த பெயருடைய சிறு குழு. மாணவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் சிறு குழுவின் பக்கத்தையே நம்பகமானது என்றார்கள். அவர்கள் பக்கத்தை மேலிருந்து கீழே உன்னிப்பாகப் படித்தார்கள். வடிவமைப்பையும் மேற்கோள்களையும் பார்த்தார்கள். சரிபார்ப்பாளர்களோ சில நொடிகளில் வேறு டேப் திறந்து, இந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். ரீல்ஸுக்கும் இதே முறைதான்: ஆளின் பெயரையும் துறையையும் தனியாகத் தேடுங்கள், கூற்றை நான்கு சொல்லில் சுருக்கித் தனியாகத் தேடுங்கள், பிறகு வேண்டுமானால் வீடியோவுக்குத் திரும்புங்கள். பல் மருத்துவரும் மருத்துவர்தான், ஆனால் வைரஸ் பற்றிய அவர் சொல்லுக்குத் தனி எடை கிடையாது என்பது இரண்டே நிமிடத் தேடலில் தெரிந்துவிடும். வாட்ஸ்அப்பில் இரட்டை அம்புக்குறி இருந்தால், அந்தச் செய்தி குறைந்தது ஐந்து கை மாறி வந்திருக்கிறது, முதலில் எழுதியவர் உங்களுக்கு அனுப்பியவர் அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மாணவர்கள் வீட்டுக் குழுவில் ஒரு தவறைத் திருத்த நேர்ந்தால், வரிசை முக்கியம். சரியான தகவலை முதலில் ஒரே வாக்கியத்தில் சொல்லட்டும். பிறகு, தவறான ஒன்று சுற்றுகிறது என்று எச்சரித்து அதை ஒரு முறை மட்டும் குறிப்பிடட்டும். அது எப்படி ஏமாற்றுகிறது என்று விளக்கிவிட்டு, மறுபடி சரியான தகவலில் முடிக்கட்டும். மூச்சடக்கும் சோதனையென்றால்: "தொற்றைப் பரிசோதனை செய்தால்தான் தெரியும். மூச்சை அடக்கிப் பார் என்றொரு செய்தி வருகிறது, அது தவறு. ஆரோக்கியமான நுரையீரல் தொற்று இருந்தாலும் 10 விநாடி தாங்கும். காய்ச்சலோ இருமலோ இருந்தால் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்." திருத்தினால் எதிராளி இன்னும் பிடிவாதமாவார் என்ற பயம் ஒரு காலத்தில் பரவலாக இருந்தது, பிறகு நடந்த பெரிய ஆய்வுகளில் அந்த விளைவு அரிதாகவே தென்பட்டது. ஆனால் பலர் முன்னிலையில் பெரியவர் ஒருவரைத் திருத்தினால் அவர் தகவலை விட்டுவிட்டுத் தன் மரியாதையைக் காக்கத்தான் பார்ப்பார். தனியாக அவருக்கு எழுதி, குழுவில் அவரையே திருத்திப் போடச் சொல்லலாம். எது பரப்பியதோ அதே வாயிலிருந்து திருத்தம் வந்தால் குழுவில் உள்ள மற்றவர்களும் கேட்பார்கள்.

இந்தப் பயிற்சியின் பலன் வாரக்கணக்கில் தேய்ந்துவிடும் என்று எதிர்பார்த்தே திட்டமிடுங்கள். முதல் வகுப்புக்கு ஒரு மாதம் கழித்து, புதிய ஆறு பதிவுகளோடு அரை மணி நேரம் மறுபடி நடத்துங்கள். பழைய பதிவுகளையே காட்டினால் விடையை நினைவு வைத்திருப்பதைத்தான் அளப்பீர்கள்.